புகைக்கூடத்திலிருந்து சோதனைச்சாலைக்கு: டாக்டர் பி. சி. சேகரும் ரப்பர் தொழில் கற்ற புதிய பாடமும்

ரப்பர்த் தாளை இரு கைகளாலும் விரித்து, வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் நிறம் தேனைப் போல் தெளிந்திருக்கிறதா, உள்ளே குமிழ் உண்டா, பட்டைத் துணுக்கு ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணாலேயே ஆராய்ந்து தரம் சொல்வது ஒரு காலத்தில் மலாயாவில் பெருமதிப்புக்குரிய வேலையாக இருந்தது. அந்தக் கண் பல ஆண்டுப் பழக்கத்தில் தேர்ந்த கண். முதல் தரம், இரண்டாம் தரம் என்று அது பிரித்து வைத்த தாள்களை நம்பியே இலண்டனிலும் நியூயார்க்கிலும் வாணிபம் நடந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. டயர் ஆலையின் இயந்திரத்திற்குள் போன பிறகு அந்த ரப்பர் எப்படி நடந்துகொள்ளும் என்பதே அது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த இரண்டு தாள்களில் ஒன்று எளிதில் இளகும், மற்றொன்று கல்லைப் போல் அடம் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் தரம் பிரித்தவரிடம் விடை கிடையாது.

இந்த ஒரு குறையினால் ஒரு நாட்டின் தொழிலே அழிந்துபோகக் கூடிய நிலை இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோன்றியது. அதைத் தடுத்து நிறுத்தியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பாலச்சந்திர சக்கிங்கல் சேகர். கோலாலம்பூருக்கு வடமேற்கே சுங்கை பூலோவிலுள்ள ஊலு பூலோ தோட்டத்தில் 1929ஆம் ஆண்டு பிறந்தவர். கேரள மரபினர். பால்மரங்களுக்கிடையே பிறந்த ஒருவர், அம்மரத்தின் பாலைப் பற்றி உலகமே ஒப்புக்கொள்ளும் அறிஞராக உயர்ந்தது ஒருபுறம் இருக்கட்டும். சோதனைச்சாலையில் கண்ட உண்மையைத் தோட்டத்துப் பால் கொட்டகை வரை கொண்டுபோய்ச் சேர்க்க அவர் எடுத்துக்கொண்ட முயற்சியே இங்கு விரிவாகச் சொல்லத் தக்கது.

போருக்கு முன்பு இயற்கை ரப்பருக்குப் போட்டியே இல்லை எனலாம். 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பர் நின்றது. ரப்பர் இல்லாமல் போர் நடத்த இயலாது. ஆகவே அந்நாடு அரசாங்கப் பொறுப்பில் ஆலைகளைக் கட்டி, எண்ணெயிலிருந்தும் சாராயத்திலிருந்தும் செயற்கை ரப்பரைச் செய்யத் தொடங்கியது. 1945இல் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 8 இலட்சம் டன் செய்யும் அளவுக்கு அத்தொழில் வளர்ந்துவிட்டது. போர் முடிந்தது, ஆலைகள் மூடப்படவில்லை. கொரியப் போரை ஒட்டி 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் ரப்பர் விலை விண்ணைத் தொட்டபோது தோட்டங்களில் பலரும் இனி என்றும் இப்படித்தான் என்று எண்ணினர். அந்த எண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1954இல் இயற்கை ரப்பரின் மூலக்கூற்று அமைப்பையே ஒத்த ஒரு ரப்பரை அமெரிக்க விஞ்ஞானிகள் செயற்கையாகச் செய்துகாட்டினர். 1960களின் தொடக்கத்தில் உலகில் செலவான ரப்பரில் செயற்கை ரப்பரின் பங்கு இயற்கை ரப்பரை மிஞ்சிவிட்டது.

விலை மட்டும் இதற்குக் காரணமன்று. ஆலைக்காரரின் வாசலில் இரண்டு சரக்கும் வந்து இறங்கும் காட்சியை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். செயற்கை ரப்பர் ஒருவர் தூக்கக் கூடிய சிறு கட்டிகளாக, பாலிதீன் உறையிட்டு வந்தது. அதனுடன் அதன் இயல்புகளை எண்களில் குறித்த சீட்டும் வந்தது. இயற்கை ரப்பரோ ஏறக்குறைய 110 கிலோ கனமுள்ள பெருமூட்டையாக, மேலே வெண்தூள் பூசப்பட்டு, மற்ற மூட்டைகளோடு ஒட்டிக்கொண்டு, கப்பலின் அடித்தளத்தில் நசுங்கி வந்தது. மூட்டையை வெட்டித் துண்டாக்கவே தனி இயந்திரம் வேண்டும். உள்ளே மணலும் மரத்தூளும் இருக்கலாம். தரம் என்ன என்றால், தாளின் நிறத்தையும் புகைபிடித்த அழகையும் வைத்து வகுத்த முப்பதுக்கும் மேற்பட்ட வகைகளின் பெயர்கள்தாம் விடை. ஆலைக்காரர் எதை விரும்புவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்த நெருக்கடியை எதிர்கொள்ள மலாயாவிடம் ஒரு கருவி இருந்தது. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே அது. கோலாலம்பூர் அம்பாங் சாலையில் தலைமையகம், சுங்கை பூலோவில் பரந்த சோதனைத் தோட்டம். இக்கழகத்தின் செலவுக்குப் பணம் வந்த வழி கவனிக்கத் தக்கது. ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது எடைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தீர்வை விதித்து, அதைக் கொண்டு ஆராய்ச்சி நடந்தது. ஆகவே விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன ஒவ்வொரு தமிழ்த் தொழிலாளியின் உழைப்பிலும் ஒரு துளி அந்தச் சோதனைச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது என்றால் மிகையாகாது. அதைத் தொழிலாளி அறிந்திருக்கவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை.

கழகம் தொடக்கத்தில் மரத்தின் மீதே கருத்தைச் செலுத்திற்று. நல்ல மரங்களைத் தேர்ந்து ஒட்டுக் கட்டி, கூடுதலாகப் பால் தரும் இனங்களை உண்டாக்கியது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய 'ஆர். ஆர். ஐ. எம். 600' என்ற இனம் அக்கழகத்தின் பெயரையே தாங்கியது. ஆனால் மரம் எவ்வளவு பால் தந்தாலும் வாங்குவோர் இல்லையெனில் பயன் என்ன? இக்கேள்வி எழுந்தபோதுதான் பாலுக்குப் பின் நடப்பவற்றை ஆராயும் இரசாயனர்களுக்கு முக்கியத்துவம் வந்தது. இளம் வயதிலேயே கழகத்தில் சேர்ந்திருந்த சேகர் அவர்களுள் ஒருவர்.

அவர் எடுத்துக்கொண்ட முதற் சிக்கல் மிகவும் எளியது போல் தோன்றும். ரப்பர் கிடங்கில் கிடக்கும்போது நாளுக்கு நாள் இறுகுகிறது. தோட்டத்தில் மென்மையாக இருந்த சரக்கு, கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து அயல்நாட்டுக் கிடங்கில் இறங்கும்போது விறைத்துப்போய் இருக்கும். அதை மீண்டும் இளக்க ஆலைக்காரர் மின்சாரத்தையும் நேரத்தையும் செலவிட வேண்டும். இது ரப்பரின் பிறவிக் குணம் என்று எல்லாரும் விட்டுவிட்டனர். சேகர் விடவில்லை. ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆல்டிஹைடு என்னும் வேற்றுத் தொகுதிகள் ஒட்டியிருப்பதையும், அவையே ஒரு சங்கிலியை மற்றொன்றோடு பிணைத்து இறுகச் செய்வதையும் அவர் ஆராய்ந்து காட்டினார். காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. பால் உறைவதற்கு முன்பு ஹைட்ராக்ஸிலமைன் என்ற இரசாயனப் பொருளை மிகச் சிறிதளவு, அதாவது ரப்பர் எடையில் நூற்றுக்கு 0.15 பங்கு போல, சேர்த்துவிட்டால் அத்தொகுதிகள் முன்னமே அடைபட்டுப் போகின்றன. ரப்பர் எத்தனை மாதம் கிடந்தாலும் பாகுத்தன்மை மாறுவதில்லை. 'மாறாப் பாகு ரப்பர்' என்று ஒரு புதிய வகை இவ்வாறு பிறந்தது.

இரண்டாவது கண்டுபிடிப்பு தமிழ் வாசகர்களுக்குச் சற்றுச் சிரிப்பையும் தரலாம். பழைய முறையில் பாலில் அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் அழுத்தித் தாளாக்கி, புகைக்கூடத்தில் நான்கைந்து நாள் தொங்கவிட வேண்டும். தாளை நொறுக்கித் தூளாக்கினால் சூடான காற்றில் சில மணி நேரத்திலேயே உலர்த்திவிடலாம் என்பது தெரிந்ததே. ஆனால் ரப்பர் நொறுங்கும் பொருளா? இழுக்க இழுக்க நீளும் பொருளல்லவா! நொறுக்கிய துணுக்குகள் அடுத்த நொடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இதற்கு ஆராய்ச்சிக் கழகத்தார் கண்ட வழி விளக்கெண்ணெய். நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான விளக்கெண்ணெயைக் கலந்து உருளைகளுக்கிடையே செலுத்தியபோது ரப்பர் அவல் போல உதிர்ந்து விழுந்தது; ஒட்டவுமில்லை. வயிற்றைச் சுத்தம் செய்யப் பாட்டிமார் பிள்ளைகளின் வாயில் ஊற்றும் அதே எண்ணெய், கோடிக்கணக்கான வெள்ளி மதிப்புள்ள ஒரு தொழிலின் வயிற்றையும் சுத்தம் செய்தது. 'ஹீவியாகிரம்ப்' என்று பெயரிடப்பட்ட இம்முறையில் உலர்ந்த துணுக்குகளை அழுத்தி 33⅓ கிலோ எடையுள்ள கட்டிகளாக்கலாம். முப்பது கட்டி சேர்ந்தால் சரியாக ஒரு டன்.

கட்டி கிடைத்துவிட்டது. ஆனால் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டுமே? 1965இல் 'எஸ். எம். ஆர்.' எனப்படும் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் தொடங்கப்பட்டது. தரம் பிரிக்கக் கண் வேண்டாம், கணக்குப் போதும் என்பது அதன் சாரம். ஒரு சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, அதில் அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, ஆவியாகும் பொருள் எவ்வளவு என்று அளந்தனர். அழுக்கு நூற்றுக்கு 0.05 பங்குக்கு மிகாவிட்டால் அது 'எஸ். எம். ஆர். 5', 0.20க்கு மிகாவிட்டால் 'எஸ். எம். ஆர். 20'. பெயரே அளவைச் சொல்லிவிட்டது. அதே காலத்தில் சேகரும் இங்கிலாந்தில் மலாயா ரப்பருக்காக நடந்த ஆராய்ச்சி நிலையத்தின் முன்னாள் தலைவர் பேட்மனும் சேர்ந்து மற்றோர் அளவுகோலை விளக்கி 1966இல் எழுதினர். ரப்பர் மாதிரியை 140 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் அதன் நெகிழ்வை அளந்து, எத்தனை விழுக்காடு எஞ்சியது என்று பார்ப்பதே அம்முறை. வெயிலில் காயப்போட்டதும், செம்பு போன்ற உலோகம் கலந்ததும், கவனமின்றிச் செய்ததுமான சரக்கு இச்சோதனையில் தப்ப முடியாது. மஞ்சளாகவும் அழகாகவும் இருந்து ஏமாற்றிய தாளின் காலம் இத்துடன் முடிந்தது.

1966ஆம் ஆண்டில் சேகர் ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரானார். அப்பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவரே. இதன் பிறகுதான் கடினமான வேலை தொடங்கியது என்று கருத வேண்டும். ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது வேறு. ஆயிரக்கணக்கான தோட்டங்களும் இலட்சக்கணக்கான சிறு உடைமையாளர்களும் அரை நூற்றாண்டுப் பழக்கத்தை விட்டுப் புதிய பழக்கத்தைக் கற்கச் செய்வது வேறு. தோட்டத்துத் துரைமாருக்குத் தம் புகைத்தாளில் பெருமை உண்டு. முதல் தரத் தாள் நல்ல விலைக்கு விற்கும்போது எதற்காகப் புதிய இயந்திரம் வாங்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. தாள்களை வாங்கி, கழுவி, பிரித்து, மூட்டை கட்டி விற்றுவந்த இடைநிலை வணிகருக்கோ இப்புதுமையால் இடமே இல்லாமற் போகும்.

இதைத் திட்டத்தினர் கையாண்ட விதம் நுட்பமானது. பழைய முறையைத் தடை செய்யவில்லை. எஸ். எம். ஆர். முத்திரை வேண்டுவோர் மட்டும் பதிவு செய்துகொண்டு, சோதனைக்கு உடன்பட்டு, தரம் தவறினால் முத்திரையை இழக்க வேண்டும் என்று வைத்தனர். ஆலைச் சோதனைச்சாலைகள் சொல்லும் எண்களையும் கழகம் தானே சரிபார்த்தது. ஒரே மாதிரியை இரண்டு சோதனைச்சாலைகள் அளந்து இரு வேறு விடை கண்டால், தவறு ரப்பரிலா அளந்தவரிலா என்று தேடினர். வெளிநாட்டு டயர் ஆலையின் முறையீடு வணிகரோடு நின்றுவிடாமல், ஆராய்ச்சியாளர் வழியாகப் பாலை உறையவைத்த தொட்டி வரை திரும்பி வந்தது. முன்பு தோட்டம் விற்பதோடு தன் கடமை முடிந்தது என்றிருந்தது. இப்போது வாங்கியவரின் குறையைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் காது அதற்கு உண்டாயிற்று. சேகரின் சாதனைகளுள் விளக்கெண்ணெயைவிட இந்தக் காதையே பெரியதென்று சொல்லத் தோன்றுகிறது. இந்தோனேசியா, தாய்லாந்து, இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளும் பின்னர் இதே மாதிரியில் தத்தம் பெயரில் தர ரப்பர்த் திட்டங்களை வகுத்துக்கொண்டன.

சிறு உடைமையாளரின் கதை இவ்வளவு நேரானதன்று. இரண்டு மூன்று ஏக்கர் மரம் வைத்திருப்பவர் தம் வீட்டுப் பின்புறத்தில் கைஉருளையைச் சுழற்றித் தாள் செய்து, வெயிலிலோ அடுக்களைப் புகையிலோ காயவைத்து விற்று வந்தார். கட்டி ரப்பர் செய்யும் ஆலையை அவரால் வைக்க இயலுமா? இதற்காகவே 'மார்டெக்' எனப்பட்ட ரப்பர் அபிவிருத்திக் கழகம் 1960களின் பிற்பாதியில் அரசாங்கத்தால் தோற்றுவிக்கப்பட்டது. அது ஊர்தோறும் பாலையும் கட்டிப்பாலையும் வாங்கித் தன் ஆலைகளில் தர ரப்பராக்கியது. சிறு உடைமையாளருக்கு இதனால் வேலை குறைந்தது; விலையும் பெரும்பாலும் ஒழுங்காகக் கிடைத்தது. ஆனால் தாள் செய்யும் கைத்திறன் அவர் வீட்டிலிருந்து மறைந்தது. மங்கில் தானே உறைந்த கட்டிப்பாலைச் சாக்கில் போட்டு எடைக்கு விற்பதோடு அவர் பங்கு முடிந்தது. சாக்கில் எவ்வளவு நீர், எவ்வளவு ரப்பர் என்பதை வாங்குபவரே சொன்னார். அறிவு சோதனைச்சாலைக்கு ஏறியபோது அடித்தளத்தில் ஏதோ ஒன்று இறங்கிற்று என்பதை மறைத்துப் பயனில்லை.

ஆற்றையும் மறந்துவிடக் கூடாது. புதிய ஆலைகள் வெளியேற்றிய கழிவுநீர் ஓடைகளில் கலந்து நாற்றமெடுத்தது. 1978இல் அரசாங்கம் ரப்பர் ஆலைகளுக்கெனத் தனிச் சுற்றுச்சூழல் விதிகளை வகுக்கும் வரை இத்தொல்லைக்குக் கடிவாளம் இல்லை.

தோட்டத் தொழிலாளரைப் பற்றியும் ஒரு சொல். 1950களிலும் 60களிலும் ஐரோப்பியர் விட்டுச்சென்ற பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. துண்டான தோட்டத்தில் ஆலையும் இல்லை, சோதனையும் இல்லை. தொழிலாளிக்கு வீடும் இல்லை. இவ்வாபத்தைக் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். அவர் பெயரை இன்று பிரிக்ஃபீல்ட்ஸின் பெருஞ்சாலை தாங்கி நிற்கிறது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வே ஊழியரால் நிறைந்த அந்த வட்டாரத்தின் ஓரமாகத்தான் முன்னாளில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் சரக்கு வண்டிகள் திரும்பிச் சென்றன. வெண்தூள் பூசிய பெருமூட்டைகளும் பின்னர் பாலிதீன் உறையிட்ட சிறு கட்டிகளும் அந்தப் பாதையில்தான் துறைமுகத்தை அடைந்தன. போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற அத்துறைமுகத்தின் பெயர் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று மாறியது.

1973இல் அரசாங்கப் பணித் துறைக்கான மக்சேசே விருது சேகருக்கு வழங்கப்பட்டது. ரப்பர் ஆராய்ச்சி முழுவதையும் மேற்பார்க்கும் வாரியத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. இங்கிலாந்திலிருந்த ஆராய்ச்சி நிலையம் துன் அப்துல் ரசாக்கின் பெயரால் 1974இல் புதிய இடத்தில் நிலைபெற்றது. பின்னர் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் 1979இல் அமைந்தபோது அதன் தொடக்க காலத் தலைமையும் அவரைத் தேடி வந்தது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நடும் காலம் அது. ரப்பருக்காக வாழ்ந்தவரையே அதன் போட்டிப் பயிருக்கும் காவலராக்கியது வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும், ஒரு விளைபொருளை வாங்குவோர் கண் கொண்டு பார்க்கும் பழக்கம் எந்தப் பயிருக்கும் வேண்டுவதுதானே!

ஓய்வு பெற்ற பின்னரும் அவர் சும்மா இருக்கவில்லை. கந்தகமூட்டி இறுக்கிய பழைய டயர்களை மீண்டும் இளக்கிப் பயன்படுத்தும் ஒரு முறையை 1990களில் ரஷ்ய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து உருவாக்கினார். ரப்பர் இறுகுவதைத் தடுக்கும் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், இறுகியதை அவிழ்க்கும் ஆராய்ச்சியோடு வாழ்வை நிறைவு செய்தார். 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார்.

அதற்குள் நாடும் மாறியிருந்தது. 1980களின் இறுதி வரை உலகில் மிகுதியாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடு மலேசியா. பின்னர் அவ்விடம் தாய்லாந்துக்குப் போயிற்று. ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் மற்ற வாரியங்களும் 1998இல் ஒன்றிணைந்து மலேசிய ரப்பர் வாரியமாயின. இப்போது மலேசிய ஆலைகள் அண்டை நாடுகளிலிருந்து கட்டிப்பாலை இறக்குமதி செய்து எஸ். எம். ஆர். கட்டிகளாக ஏற்றுமதி செய்கின்றன. கிள்ளானையும் மேருவையும் சுற்றியுள்ள கையுறை ஆலைகளால் நாடு உலகப் புகழ் பெற்றிருக்கிறது. ஆனால் அக்கையுறைகளில் பெரும்பகுதி இன்று நைட்ரில் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. போட்டி முடியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

சுங்கை பூலோவில் கழகத்தின் சோதனை மரங்கள் நின்ற நிலத்தில் பெரும்பகுதி குவாசா டாமன்சாரா என்ற புதிய நகராகி வருகிறது. 2016 டிசம்பரில் அங்கே அப்பெயரிலேயே ஒரு மின்ரயில் நிலையமும் திறக்கப்பட்டது.